சாளை போன இடம்

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக மறைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கற்பிட்டிக் கரையில் அந்தப் பெயர் ஏற்கெனவே தேவைக்கு மேல் அடிபட்டுவிட்டது. என் கையாலும் அதைப் பரப்ப எனக்கு மனமில்லை.

மன்னாரிலிருந்து வந்தவள். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், அங்கிருந்து எங்கள் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, போட்டில் ஏறி வந்தவர்களோடு எங்கள் கரையில்தான் இறங்கினாள். புதிதாகக் கலியாணம் முடித்திருந்தாள். கையில் ஒரு ஷொப்பிங் பேக், பக்கத்தில் வாயே திறக்காத ஒரு புருஷன். அன்றைக்கு அவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் சோறு போனது. என் மாமி ஆக்கினார், நான் பரிமாறினேன். எல்லாரும் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதார்கள். அவள் சாப்பிட்டு முடித்தாள், தட்டைக் கழுவி என் கையில் தந்தாள், தந்துவிட்டுக் கேட்டாள்:

"இந்தக் கரையில என்ன மீன் படும் ராத்தா?"

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது எல்லாம் அந்தக் கேள்வியிலேயே இருந்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை. என்ன மனுஷி இவள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்றுதான் நினைத்தேன்.

என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்வீடு இருந்தது. தென்னங்காணி இருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக பைபர் போட் இருந்தது. கடலோரத்தில் மாமி காலத்திலிருந்து நடந்துவரும், மீனைக் கருவாடாகக் காயப்போடும் வாடி இருந்தது. அவளுக்குக் கிடுகுக் கொட்டில் ஒன்று, அதுவும் வேறு ஆளின் காணியில். இருந்தும் அவள் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டதில்லை. என் புது வளையலைப் பார்த்தால் "வடிவா இருக்கு ராத்தா" என்பாள், அதற்குள் கண் வேறு எங்கோ போய்விடும். ஒரு தரமாவது அவள் என்னைப் பார்த்து எரிய வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் நான் காத்திருந்தது அதற்காகத்தான்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. போட் கரை தட்டியதும், ஏலம் கூறுவதற்கு முன்னால், வீட்டுச் சமையலுக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்வோம். அதற்குக் கறிமீன் என்று பெயர். முதலில் கை வைப்பது போட்காரர் வீட்டுப் பெண். பிறகு போட்டில் தொழிலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள். கடைசியில் கரையில் நிற்கும் யாரும் கை நீட்டலாம், இல்லை என்று சொல்லக் கூடாது. அவள் புருஷன் எங்கள் போட்டில்தான் போனான். ஆகவே எனக்கு அடுத்தது அவளுடைய முறை. அவளோ முறைக்கு வரவே மாட்டாள். வலையிலிருந்து உதறி மணலில் எறிந்த மீன்களுக்கு நடுவே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நடப்பாள். பேர் தெரியாத ஏதாவதொன்றை எடுத்து வயிற்றை அமத்திப் பார்ப்பாள், பெருவிரலை மோந்து பார்ப்பாள்.

நான் நல்ல பாரையாகப் பார்த்து, வாலைப் பிடித்து, அவள் கண்ணில் படும்படி ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கூடையில் போடுவேன். அவள் பார்த்தால்தானே.

"ஏன் புள்ள, எறிஞ்சதப் போய்ப் பொறுக்கிற? ஒன்ட பங்க எடேன்" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எடுக்கிறன் ராத்தா. இது என்னண்டு பாத்துட்டு வாறன்."

கஷ்டத்துக்குப் பொறுக்குகிறாள் என்றால் எனக்கு இரக்கம் வந்திருக்கும். அவளுக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சண்டை முடிந்து, தொழிலுக்குத் தடையில்லாமல் கடல் திறந்த முதல் சில வருஷங்கள் எங்களுக்கு நல்ல காலம். கச்சான் காற்று வருஷ நடுவில் மேற்கிலிருந்து அடித்து ஓயும். அடிக்கும் மாதங்களில் கடலில் போட் இறக்க முடியாது. ஓய்ந்ததும் சாளை மீன் கரையோரம் கூட்டம் கூட்டமாக வரும். எங்கள் வாடி சாளைக் கருவாட்டு வாடி. கொழும்பு லொறி வாசலில் வந்து நின்று ஏற்றிக்கொண்டு போகும். லொறிக்காரன் என்னைத்தான் "மாமி" என்று கூப்பிடுவான்.

பிறகு ஒரு வருஷம் கச்சான் சரியாக அடிக்கவில்லை. ஆவணித் திருநாளுக்குத் தலவிலக் கோயிலுக்கு வரும் சனம் வழக்கமாக அலைக்குப் பயந்து காலை மட்டும் நனைத்துவிட்டுப் போகும். அந்த வருஷம் குஞ்சு குருமானோடு இறங்கிக் குளித்தார்கள். கடல் சுடுதண்ணீர் வைத்த மாதிரி இதமாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு போனார்களாம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று ஓய்ந்து, சாளை வர வேண்டிய நாட்களில், வலை நிறையக் கிளாத்தி வந்தது. கறுத்த மீன், தோல் செருப்புத்தோல், பல் இருக்கிறது, வலையைக் கடித்து அறுக்கும். போட் பாரம் தாங்காமல் வரும், உள்ளே பார்த்தால் எல்லாம் கிளாத்தி. ஆட்கள் ஏசிக்கொண்டே அள்ளி மணலில் எறிந்தார்கள்.

அவள் மணலில்தானே நடப்பவள். ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். தலைக்குப் பின்னால் கத்தியால் கீறி, தோலைப் பிடித்து இழுத்தால் காலுறை கழற்றுவது போல முழுதாகக் கழன்று வருகிறது என்று கண்டுபிடித்தாள். பேத்தை மீனைத் தின்று மவுத்தானவர்களைக் கேள்விப்பட்ட கரை இது, தெரியாத மீனை எவரும் வாயில் வைக்க மாட்டார்கள். அவள் முதலில் தான் மட்டும் தின்று அடுத்த நாள் வரைக்கும் பார்த்தாளாம். பிறகுதான் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். அதற்கும் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்த நேரம், அவள் அனுப்பிய கறிக்கோப்பை ஒன்று மூடியபடி எங்கள் வீட்டுக்கு வந்தது.

அவர் சாப்பிட்டார். இரண்டாவது தரம் சோறு போடச் சொன்னார்.

"இது என்ன மீன்? கோழி எறச்சி மாதிரி இரிக்கி."

"ஒங்கட போட்டுல இருந்து எறிஞ்ச மீன்தான்" என்றேன்.

அவர் கையை நிறுத்தினார். கோப்பையைப் பார்த்தார். பிறகு விரலைச் சூப்பிக்கொண்டு, "நீயும் ஒருக்கா ஆக்கிப் பாரேன்" என்றார். இத்தனை வருஷம் என் கையால் சாப்பிட்டவர், நல்லாயிருக்கு என்று ஒருநாள் சொன்னதில்லை. என் வயிறு எரிந்தது. அடுப்பில் அப்போது நெருப்பு இருக்கவில்லை, என் வயிற்றில் ஒரு பானைச் சோறு ஆக்கியிருக்கலாம்.

மாதம் போகவில்லை, அவள் கிளாத்தியைத் தோலுரித்துக் கீறிக் காயப்போடத் தொடங்கினாள். புத்தளத்து ஹோட்டல்காரர்கள் தேடி வந்தார்கள். என் வாசலில் நின்ற கொழும்பு லொறியும் ஒருநாள் நிற்காமல் அவளுடைய கொட்டிலடிக்குப் போனது. லொறிக்காரன் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனான், மரியாதைக்காரன்.

நான் ஏன் கிளாத்தியைக் காயப்போடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வாடியில் ஒரு முறை இருந்தது. சாளை வருவதற்கு முன்பே புத்தளத்து உப்பை இறக்கித் தொட்டிகளை நிரப்பி வைப்போம். சாளைக்கென்று வைத்த உப்பில் முதல் மீனாக வேறு எதையும் போடக் கூடாது, போட்டால் சாளை ரோஷப்பட்டுப் போய்விடும் என்று என் மாமி சொல்வார். அவருக்கு அவருடைய மாமி சொன்னது. அதனால் தொட்டி நிறைய உப்பும், மீன் காயப்போடும் வெறும் தட்டிகளுமாக நான் குந்திக்கொண்டிருந்தேன். கண்ணுக்கெதிரே கிளாத்தி மலைமலையாகக் கிடந்தது, அவள் அள்ளிக்கொண்டு போனாள்.

அந்த நாட்களில்தான் மீன்பிடி அதிகாரி ஒருவர் எங்கள் சங்கக் கட்டடத்துக்கு வந்து கூட்டம் வைத்தார். சிங்கள ஆள், தமிழ் நன்றாகப் பேசினார். அவர் உட்காரக் கதிரை எங்கள் வீட்டிலிருந்து போனது, அதையும் சொல்லி வைக்கிறேன். கச்சான் பலமாக அடித்தால்தான் கடலின் அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், அந்தத் தண்ணீரோடுதான் சாளை தின்னும் தீன் வரும் என்று விளக்கினார். காற்றுக் குறைந்து மேல்தண்ணீர் சூடானால் தீன் இல்லை, தீன் இல்லாத இடத்தில் சாளைக்கு என்ன வேலை என்றார். வருஷத்துக்கு வருஷம் கடல் இப்படி மாறுவது முன்பும் இருந்ததுதான், ஆனால் சூடான வருஷங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன என்றும் சொன்னார். நேர்மையான மனுஷன், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார்.

ஆம்பிளைகள் நிவாரணம் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் எழும்பி, "சாளை திரும்ப எப்ப வரும் சேர்?" என்று கேட்டார். நானும் அதைத்தான் கேட்கும்படி சொல்லி வைத்திருந்தேன். அதிகாரி தலையை ஆட்டினார். அடுத்த வருஷமும் வரலாம், வராமலும் விடலாம் என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவளுடைய குரல் வந்தது.

"இங்க வராத சாளை இப்ப எங்க நிக்கிது சேர்? அது நிண்ட எடத்துல இப்ப என்ன வந்து நிக்கிது?"

அந்த அதிகாரியின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் பார்த்தேன். எங்கள் கதிரையை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவளுக்கென்றே பேசத் தொடங்கினார். ஆழத்துக்குப் போயிருக்கும், இல்லாவிட்டால் தீன் இருக்கிற இடம் தேடி வடக்கே போயிருக்கும் என்றார். கிளாத்தி பெருகியிருக்கிறது, கணவாயும் கூடலாம், களிபோல் வழுக்கும் சொறிமுட்டையும் வரும், தொட்டால் உடம்பு தடிக்கும், கவனம் என்றார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். எல்லாரும் வீட்டுக்குப் போகும்போது அவளுடைய கேள்வியைப் பற்றியே கதைத்தார்கள். என் கதிரையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

சாளை வரவில்லை. மழை தொடங்கி, உப்பு ஈரம் குடித்து, தொட்டியிலேயே கல்லாக இறுகிவிட்டது. ஒருநாள் காலையில் அதை வெளியே எடுப்பதற்கு இரும்பு அலவாங்கு கொண்டு குத்த வேண்டியிருந்தது. இரண்டு குத்துக் குத்தினேன். மூன்றாவது குத்துக்குக் கை எழும்பவில்லை. அந்தத் தொட்டிக் கட்டிலேயே குந்தி, சத்தம் வைத்து அழுதேன். இது இல்லாவிட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? பிறந்ததிலிருந்து சாளைதான். மாமி கற்றுத் தந்தது சாளை, வீடு கட்டியது சாளை, பிள்ளைகளுக்குப் பெண் எடுத்தது சாளை. பக்கத்து வாடிகளில் நின்றவர்கள் வந்து, "வேணாம் ராத்தா, அழாதீங்க" என்று தேற்றினார்கள். நான் நிறுத்தவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் கிளாத்திக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வழியால் வந்தாள். நின்றாள். கூடையை ஒரு கையால் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், வெகுநேரம். பிறகு போய்விட்டாள். என் அழுகை அந்த இடத்திலேயே நின்றது. இவளுடைய இரக்கம் யாருக்கு வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பார்வைக்காக நான் அவளை மன்னிக்கவில்லை.

அடுத்த வருஷம் நான் மாமியின் சொல்லைத் தள்ளி வைத்தேன். வருவது வரட்டும் என்று தொட்டிகளைக் கிளாத்திக்காக நிரப்பினேன், தோல் இழுக்க இரண்டு பெண்களைப் பிடித்தேன். கிளாத்தி வரவில்லை. வலை நிறையச் சொறிமுட்டை. போட்டுக்குப் போனவர்கள் கையெல்லாம் தடித்து, சொறிந்துகொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவளை விசாரித்தேன். அவள் எப்போதோ கணவாய்க்கு மாறிவிட்டிருந்தாள். கணவாய் கூடலாம் என்று அந்த அதிகாரி சொன்னபோது நானும் அதே கட்டடத்தில்தான் இருந்தேன், எனக்கும் இரண்டு காது இருக்கிறது.

"ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே புள்ள" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க கேக்கல்லையே ராத்தா. சாளையத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

குத்திக் காட்டிச் சொல்லியிருந்தால் பதில் கொடுத்திருப்பேன். கணவாயின் மையைக் கழுவிக்கொண்டே சும்மா சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் போய்விட்டாள். மன்னார்ச் சனத்தில் பாதிப்பேர் புத்தளத்தோடு நின்றுவிட்டார்கள், பாதிப்பேர் திரும்பினார்கள். அவள் மன்னாரில் சிலாவத்துறைப் பக்கம் போவதாகச் சொன்னாள். சொந்த ஊருக்குத்தானே போகிறாய் என்று யாரோ கேட்டதற்கு, "ஊருக்கும்தான். சாளை அங்கால படுதாம்" என்றாளாம். கரையில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் செருப்பைத் தட்டி மணலை உதறிவிட்டு லொறியில் ஏறினாள். எனக்கு ஸலாம் சொன்னாள். எங்கள் கரையில் இவ்வளவு காலம் வாழ்ந்த ஒருத்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாளே என்று எனக்கு ஆத்திரம். அவளுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது, எனக்கு இருப்பது இந்த ஒரே கரைதான் என்பது அதைவிடப் பெரிய ஆத்திரம். விரட்டப்பட்டவளைப் பார்த்து, விரட்டப்படாதவள் பொறாமைப்பட்டாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

பிறகு இரண்டு பருவம் பார்த்தோம். வாடியைப் பூட்டினோம். "இங்க இரிந்து என்ன செய்யிற? நாமளும் அங்கால போய் ஒரு பருவம் பாப்பம்" என்றார் என் வீட்டுக்காரர். எங்கே தங்குவது என்று கேட்டேன். அவர் என்ஜினைத் துடைக்கப் போய்விட்டார். அவள் ஏற்கெனவே போனில் இடம் சொல்லியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அவர் போட்டில் போனார். நான் சட்டி பானைகளோடு பஸ் மாறி மாறிப் போய் இறங்கினேன். எங்களுக்காக அவள் ஒரு கொட்டில் வேய்ந்து வைத்திருந்தாள். முதல் சோறு அவள் வீட்டிலிருந்து வந்தது. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கொடுத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டேன். அவளாவது பழையதை எடுத்து ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அந்தப் புண்ணியத்தையும் அவள் எனக்குச் செய்யவில்லை.

அடுத்த நாள் காலை போட்டுகளைப் பார்த்துக்கொண்டு கரையில் இருந்தோம். அவள் கணவாய் கீறிக்கொண்டிருந்தாள். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஒரு கத கேக்கட்டா?"

"கேளுங்க ராத்தா."

"ஒனக்கு என்னப் பாத்து ஒரு நாளாவது எரிச்சல் வந்திரிக்கா? வீடு, போட், வாடி எல்லாம் எனக்கிட்டத்தானே இரிந்திச்சி."

"வீட்டப் பாத்தா? இல்ல ராத்தா" என்றாள், கையை நிறுத்தாமல். அது எனக்குத் தெரிந்த பதில்தான். பிறகு கத்தி நின்றது.

"ஓம், ஒரு நாள் வந்திச்சு. நீங்க உப்புத் தொட்டியில இருந்து அழுதீங்களே, அண்டைக்கு."

"அழுததப் பாத்து எரிஞ்சியா? என்ன கத இது?"

"சாளைதான் வேணும், வேற ஒண்டும் வேணாமெண்டு குந்தி இருந்து அழுதீங்க. நாலு பேர் வந்து தேத்துறாங்க, நீங்க கேக்கல்ல. தொண்ணூறுல இங்க இருந்து வெளிக்கிட்ட நாளுல இருந்து நான் ஒண்டுக்கும் அப்பிடி அழல்ல ராத்தா. அழுதா அடுத்த வேலை பிந்திரும். அண்டைக்கு வீட்ட போய்க் கூடைய இறக்கி வச்சிட்டு, எனக்கும் அழுகை வருதாண்டு பாத்தன். வரல்ல."

இவ்வளவு காலமாக எதற்குக் காத்திருந்தேனோ அது கையில் வந்து விழுந்தது. என் வீடும் இல்லை, வளையலும் இல்லை. வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டிய பாரைகள் ஒன்றும் இல்லை. நான் வெட்கப்பட்டு மறக்கப் பார்த்த ஒரு காலை நேரத்தைப் பார்த்துத்தான் அவள் எரிந்திருக்கிறாள். இரக்கம் என்று நான் நினைத்த பார்வை அதுதான்.

போட் ஒன்று கரை தட்டியது. அவளுடைய புருஷனுக்கு இப்போது சொந்தப் போட், முதல் கை அவளுடையது. அவள் போய் வலைக்குள் கைவிட்டு, வெள்ளி வெள்ளியாக அள்ளிக்கொண்டு வந்து என் கூடைக்குள் போட்டாள்.

"இந்தாங்க ராத்தா, ஒங்கட சாளை."

சாளைதான். குளிர்ந்துபோய், கண் கலங்காமல், எங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்த அதே சாளை. இங்கே வந்து சுகமாக இருந்திருக்கிறது. ஒன்றைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அங்கே போட்டில் வேலை கிடந்தது, ஏலக்காரன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் போகவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் மணலில் குந்தி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவசரப்படாமல் அழுதேன்.